கெரிக் – ஜெலி நெடுஞ்சாலை: திருத்திய இரண்டாம் பதிப்பு

வைலே நகரத்தில், கடல் ஊருக்குள் புகுந்து நிற்கும் கரையோரம், ஒரு செங்கல் கட்டடத்தின் இரண்டாம் மாடியில் பயணவழி அலுவலகம் இருந்தது. அகதி அந்தஸ்துக் கேட்டு வருகிறவர்கள் அங்கே பதின்மூன்று பக்க விண்ணப்பப் பாரம் ஒன்றை நிரப்ப வேண்டும். நாட்டை விட்டு ஏன் ஓடி வந்தீர்கள் என்ற கேள்விக்கு அதில் இரண்டு வரி விட்டிருந்தார்கள். எந்த வழியால் ஓடி வந்தீர்கள் என்ற கேள்விக்குப் பதினொரு பக்கம். எரிந்த வீட்டையும் காணாமல்போன மச்சானையும் அந்த இரண்டு வரிக்குள் நெருக்கி அடக்கிவிட்டு, மிச்சப் பதினொரு பக்கத்தையும் பார்த்துத் திகைத்தவர்கள் அநேகம். ஸ்ரனிஸ்லாஸ் திகைக்கவில்லை. அங்கேதான் வினை தொடங்கியது.

ஆள் யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் கிளார்க்காக இருந்தவன். மனைவி பவளராணியையும் நாலு வயது மகளையும் மாமியார் வீட்டில் விட்டுவிட்டு, 1985 ஒக்டோபரில் டென்மார்க்குக்கு வந்து சேர்ந்தான். வருகிற வழியில் மேற்கு ஜேர்மனியில் ஒரு சாப்பாட்டுக் கடையின் பின்பக்கத்தில் நாலு மாதம் கோப்பை கழுவினான். அது வெளியே தெரிந்தால் 'ஏற்கெனவே பாதுகாப்பான நாட்டில் நின்றவர்' என்று எழுதி, பிடரியில் பிடித்து அங்கேயே தள்ளிவிடுவார்கள். ஆகவே அந்த நாலு மாதத்தையும் உலகத்தின் வேறு ஏதாவது ஒரு மூலையில் கொண்டுபோய் ஒளித்து வைக்கவேண்டி இருந்தது. அவனிடம் இருந்தது சிநேகிதன் நீக்கிலாஸ் எப்போதோ ஊருக்கு எழுதிய கடிதத்தில் இரண்டு வசனம்: "மச்சான், நானும் தம்பி யோசேப்பும் மலேசியாவுக்கு வந்திட்டம். நாளைக்குக் கெரிக் எண்ட ஊரிலையிருந்து ஜெலிக்குப் புது றோட்டாலை பஸ்ஸிலை போறம், அங்காலை தாய்லாந்துதான்."

அலுவலகத்தின் தலைவர் பிரேபென் தோறுப் என்பவர். பட்டப்பகலில் மேசையில் மெழுகுதிரி கொளுத்தி வைத்திருந்தார். "என்னைப் பிரேபென் என்றே கூப்பிடுங்கள், இங்கே நாம் எல்லோரும் சமம்" என்று சொல்லி, பேனாவைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இருவருக்கும் சொந்தமில்லாத இங்கிலிஷில் விசாரணை நடந்தது.

நாலு மாதம் கெரிக்கில் தரகருக்காகக் காத்திருந்ததாகவும் பிறகு ஜெலிக்குப் பஸ் ஏறியதாகவும் ஸ்ரனிஸ்லாஸ் சொன்னான்.

"நல்லது. அந்தச் சாலையைப் பற்றிச் சொல்லுங்கள்."

சாலை. அதை ஸ்ரனிஸ்லாஸ் கண்டதே இல்லை. ஆனால் அவன் யாழ்ப்பாணத்தான். யாழ்ப்பாணத்தில் மலேசியா என்றால் ரயில். வெள்ளைக்காரன் காலத்தில் மலாயா ரயில்வேயில் உத்தியோகம் பார்த்துவிட்டு, பென்சனோடு திரும்பி வந்தவர்கள் ஒழுங்கைக்கு ஒருவர் இருந்தார்கள். அவனுடைய பெரியையா குருசுமுத்துவும் அதில் ஒருவர். அவர் வாயைத் திறந்தால் தாய்ப்பிங் ஸ்ரேசன், ஈப்போ ஸ்ரேசன், எந்தக் கேற்றை எந்த மணிக்குப் பூட்டுவது என்பதுதான். அந்த நாட்டில் மரம், மட்டை, மாடு ஏதாவது உண்டா என்று அவர் சொன்னதே இல்லை. ஆகவே ஸ்ரனிஸ்லாஸின் மலேசியாவில் தண்டவாளத்தைத் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

"பஸ் வெளிக்கிட்டு ஒரு மைல் போக ஒரு ரயில் கேற் வரும்" என்றான்.

பிரேபென் தலையை நிமிர்த்தினார். "கேற்றைத் திறப்பவர் யார்?"

"ஒரு தமிழர். காக்கிச் சட்டை. கையில் பச்சைக் கொடி."

"பச்சைக் கொடி" என்று பிரேபென் எழுதினார். அவருடைய முகம் மலர்ந்தது. "மொத்தம் எத்தனை கேற்?"

நாலோ ஐந்தோ என்று சொல்லத்தான் வாயெடுத்தான். ஆனால் எதிரே இருந்த முகத்தில் அப்படி ஒரு பசி தெரிந்தது. அவன் வேலை செய்த சங்கக் கடைக்கு நம்பர் நாற்பத்தொன்று. "நாற்பத்தொன்று" என்றான்.

பிரேபென் பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எட்டு வருடமாக இந்தக் கதிரையில் இருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் கொலை, நெருப்பு, துவக்கு என்று ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். முதல் தடவையாக ஒரு மனிதர் எனக்குத் தகவல் தந்திருக்கிறார்."

அடுத்த கிழமை மறுபடி கூப்பிட்டார்கள். இந்த முறை சாலையின் வரலாறு. கோப்பியும் இனிப்புப் பாணும் வைத்தார்கள். சாலையைப் போட்டது யார் என்று கேட்க, ரயில்வேத் திணைக்களம் என்றான் ஸ்ரனிஸ்லாஸ். கேற்காரர்கள் ஒரு கேற்றிலிருந்து அடுத்த கேற்றுக்குச் சைக்கிளில் போவதற்காகப் போட்ட பாதை, பிறகு பஸ்ஸும் ஓடத் தொடங்கியது என்றான். சைக்கிள் என்ற சொல்லைக் கேட்டதும் மேசையைச் சுற்றியிருந்த மூன்று டெனிஷ்காரருக்கும் கண் பனித்தது. சைக்கிளுக்குப் பாதை போடுகிற நாட்டைப் பற்றி இனிமேல் யாரும் தப்பாகப் பேச முடியாது.

உண்மையான சாலையின் கதை வேறு. மலையையும் காட்டையும் வெட்டி, கம்யூனிஸ்ட் ஆயுதக்காரரின் தாக்குதலுக்கு நடுவே வருடக்கணக்காகப் போட்டு, 1982இல் திறந்தார்கள். இடையில் பெரிய ஏரியும் அதற்கு மேலால் பாலமும் உண்டு. யானைகள் நினைத்த நேரத்தில் குறுக்கே நடக்கும். பொழுதுபட்டால் சாலையைப் பூட்டிவிடுவார்கள். அந்த நூற்றிருபது சொச்சக் கிலோமீற்றரிலும் ரயில் தண்டவாளம் ஒரு முழம்கூடக் கிடையாது. இதை ஒரு பெண் உத்தியோகத்தர் கண்டுபிடித்து, வரைபடத்தை விரித்துக் காட்டினார். பிரேபென் வரைபடத்தையும் பார்த்தார், ஸ்ரனிஸ்லாஸையும் பார்த்தார். "இது கடதாசி. இவர் சாட்சி. நாம் மனிதாபிமானமுள்ள அலுவலகம், கடதாசியை நம்பி ஒரு மனிதரை அவமதிக்க மாட்டோம்" என்றார். அந்தப் பெண்ணை வேறு பகுதிக்கு மாற்றினார்கள்.

1986 பெப்ரவரியில் புத்தகம் வந்தது. 'கெரிக் – ஜெலி நெடுஞ்சாலை: வரலாறும் வழித்தடமும், விசாரணை உத்தியோகத்தர்களுக்கான கைந்நூல்.' முதல் பக்கத்தில், தகவல் தந்து உதவியவர் ஸ்ரனிஸ்லாஸ் என்று அச்சாகியிருந்தது. வெளியீட்டு விழாவில் கேக்கில் குட்டிக் கொடிகள் குத்தி வைத்தார்கள். பிரேபென் பேசினார்.

"மனிதர்கள் பொய் சொல்லுவார்கள். அது அவர்களுடைய சூழ்நிலை, நாம் கோபிக்கக் கூடாது. ஆனால் சாலை பொய் சொல்லாது. இனிமேல் நம்மிடம் வருகிறவர் அழுகிறாரா, நடுங்குகிறாரா என்று பார்த்து நாம் மனதைக் கஷ்டப்படுத்தத் தேவையில்லை. கேற்றை எண்ணச் சொன்னால் போதும். நண்பர்களே, இந்தப் புத்தகத்தால் நமக்கு எவ்வளவு வேதனை மிச்சம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். ஸ்ரனிஸ்லாஸும் தட்டினான். அந்த மாதமே அவனுக்கு வதிவிட அனுமதி கிடைத்தது. அதோடு தமிழ் மொழிபெயர்ப்பாளர் என்ற பதவியும் வந்தது. பவளராணியையும் பிள்ளையையும் கூப்பிடுவதற்கான விண்ணப்பத்தை அதே அலுவலகத்தில், அதே பிரேபெனிடம் கொடுத்தான்.

ஒரு புத்தகம் இருந்தால் அதற்கு ஒரு பரீட்சை இருக்கும், பரீட்சை இருந்தால் அதற்கு ஒரு ரியூசன் இருக்கும். இது நம்மவர்களுக்குத் தெரிந்த ஒரே சமன்பாடு. பக்கத்து நகரமான கோல்டிங்கில் குடியிருந்த சபாரத்தினம் மாஸ்ரர், ஊரில் ஏ லெவல் பிள்ளைகளுக்குக் கணக்குப் படிப்பித்தவர். கைந்நூல் அவர் கைக்கு எப்படி வந்தது என்று கேட்கக் கூடாது. யாழ்ப்பாணத்து மாஸ்ரரிடம் பாடப்புத்தகம் எப்படி வந்தது என்று யாரும் கேட்பதில்லை. ஞாயிறு பின்னேரம் இரண்டு மணிக்கு அவருடைய வீட்டு முன்னறையில் வகுப்பு. நிலத்தில் இருபது பேர், கையில் கொப்பி.

"பதினேழாம் கேற்றுக்கும் பதினெட்டாம் கேற்றுக்கும் இடையிலை என்ன? கெதியாச் சொல்லுங்கோ!"

"தேத்தண்ணிக் கடை, மாஸ்ரர்!"

"எந்தப் பக்கம்?"

"இடப்பக்கம்!"

"வலப்பக்கம் எண்டு எழுதினா?"

"திருப்பி அனுப்புவாங்கள், மாஸ்ரர்!"

"இருபத்தாறாம் கேற்காரற்றை பேர் கேட்டு ரெண்டு தரம் வந்திட்டுது. இந்த முறையும் வரும். அடிக்கோடு போடுங்கோ."

நைஜீரியாவால் வந்தவர்கள், கராச்சியால் வந்தவர்கள், மூன்று மாதம் பாரிசில் நின்று வந்தவர்கள், எல்லோரும் இப்போது கெரிக்கால் வந்தார்கள். வைகாசி பிறக்கமுன் அறுபத்துமூன்று பேர் சித்தியடைந்தார்கள். அதில் மலேசியாவைக் கண்ணால் கண்டவர் ஒருவரும் இல்லை. பிரேபென் மேலிடத்துக்கு அறிக்கை எழுதினார்: முன்பெல்லாம் ஆளுக்கொரு வழி சொன்னார்கள், கைந்நூல் வந்த பிறகு எல்லோரும் ஒரே வழியைச் சொல்கிறார்கள், ஆகவே உண்மையின் தரம் மிகவும் உயர்ந்திருக்கிறது.

ஸ்ரனிஸ்லாஸுக்கு இடைக்கிடை நெஞ்சு குறுகுறுக்கும். சனத்துக்கு உதவிதானே, இதனால் ஆருக்கு என்ன நட்டம் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்து அடக்கிவிடுவான்.

வைகாசி நடுவில் நீக்கிலாஸ் வந்து சேர்ந்தான்.

பழைய விடுதி ஒன்றைத்தான் அகதிகள் முகாமாக மாற்றியிருந்தார்கள். ஸ்ரனிஸ்லாஸ் அரை நாள் லீவு போட்டுவிட்டு ஓடினான். கட்டிலில் இருந்த ஆளை முதலில் அடையாளம் தெரியவில்லை. பாதியாகியிருந்தான். கட்டிப்பிடித்து, முதுகில் தட்டி, எல்லாம் முடிந்த பிறகு கேட்டான்.

"யோசேப் எங்கையடா?"

நீக்கிலாஸ் கட்டிலில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டான்.

"பஸ்ஸிலை ஏறேக்கையே காய்ச்சல் மச்சான். நான் சும்மாக் காய்ச்சல் எண்டு நினைச்சன். ஏரிப் பாலம் தாண்ட, 'அண்ணை, குளிருது' எண்டான். என்ரை சேட்டையும் கழட்டிப் போர்த்தன். அந்தக் காட்டுக்குள்ளை டொக்டருக்கு எங்கை போறது? யானை ஒண்டு றோட்டிலை நிண்டு அரை மணித்தியாலம் பஸ் நகரேல்லை. பிறகு என்ரை தோளிலை சாஞ்சான். நித்திரை எண்டுதான் நான் நினைச்சன். ஜெலிக்குக் கிட்டப் போன பிறகுதான்..."

மிச்சத்தைத் துண்டு துண்டாகச் சொன்னான். தெருவோரத்தில் நாலு ரப்பர் மரத்துக்கு நடுவில் கிடங்கு வெட்டினார்களாம். டிரைவரும் உதவினாராம். ஒரு மணித்தியாலத்துக்குள் வராவிட்டால் விட்டுவிட்டுப் போவேன் என்று தரகர் நின்றாராம். இரண்டு தடியைச் சிலுவையாகக் கட்டி நட்டுவிட்டு, நீக்கிலாஸ் பஸ் ஏறினான். பிறகு பாங்கொக்கில் ஒரு வருடம் சிறை மறியல். யோசேப்புக்கு இருபத்தொரு வயது.

ஸ்ரனிஸ்லாஸ் அழுதான். உண்மையாகவே அழுதான். அழுது முடிந்த உடனே, அடுத்த கிழமை விசாரணை என்பது நினைவுக்கு வந்தது.

"மச்சான், ஒண்டு கேள். அங்கை வழி கேப்பாங்கள். நாற்பத்தொரு ரயில் கேற் எண்டு சொல்லு."

"என்ன ரயில்? அந்த றோட்டிலை ரயில் இல்லை."

"இருக்கெண்டு சொல்லு. அவங்கடை புத்தகத்திலை அப்பிடித்தான் கிடக்கு."

"ஆரடா அந்தப் புத்தகம் எழுதின விசரன்?"

சொல்லியிருக்க வேண்டிய இடம் அதுதான். அறையில் வேறு யாரும் இல்லை. பால்ய சிநேகிதன், இரண்டு அடி போட்டிருப்பான், பிறகு மன்னித்திருப்பான். "தெரியாது" என்றான் ஸ்ரனிஸ்லாஸ். சொன்ன வாய் கைத்தது.

"நான் வேறை எதிலை வேணுமெண்டாலும் பொய் சொல்லுறன்" என்றான் நீக்கிலாஸ். "வயசைக் கூட்டச் சொன்னாலும் கூட்டுறன். இந்த றோட்டிலை மட்டும் சொல்ல மாட்டன். அது அவன் கிடக்கிற இடம்."

விசாரணை அறையின் நடுவில் இப்போது ஒரு நீளமான மேசை இருந்தது. அதன்மேல் பிரேபென், பிள்ளைகள் விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டைகளால் அந்த நெடுஞ்சாலை முழுவதையும் தன் கையாலேயே கட்டி வைத்திருந்தார். நாற்பத்தொரு சிவப்புக் கேற்றுகள், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் குட்டிச் சைக்கிள். நீக்கிலாஸ் அதைப் பார்த்தான். இது என்ன இடம் என்று கேட்டான். அவனுக்கு இங்கிலிஷ் வராது. ஆகவே அவன் சொல்வதையெல்லாம் ஸ்ரனிஸ்லாஸ்தான் மொழிபெயர்க்க வேண்டும்.

ஒலிப்பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அந்த நாடாவைக் கொப்பன்ஹேகனில் வேறொரு மொழிபெயர்ப்பாளர் கேட்பார் என்பது ஸ்ரனிஸ்லாஸுக்குத் தெரியும். பவளராணியின் விண்ணப்பம் மேசையின் இடப்பக்கத்துக் கோவை அடுக்கில் மூன்றாவதாக இருந்ததும் தெரியும். நீக்கிலாஸ் ஏரியைச் சொன்னான், ஏரி என்று ஸ்ரனிஸ்லாஸ் மொழிபெயர்த்தான். யானையைச் சொன்னான், யானை என்று மொழிபெயர்த்தான். ரயிலே கிடையாது என்றான், ரயிலே கிடையாது என்று மொழிபெயர்த்தான். அந்த அலுவலகத்துக்கு வந்த நாள் தொடக்கம் அன்றுதான் முதல் தடவையாக ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல் முழு உண்மையைப் பேசினான். அந்த உண்மையால் அவனுடைய சிநேகிதனின் கழுத்தில் கத்தி விழுந்தது.

தம்பி செத்த இடம் வந்தபோது பிரேபென் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டியை அன்போடு முன்னே தள்ளினார். நீக்கிலாஸ் ஒன்றை எடுத்தான். அவன் மூக்கைத் துடைத்து முடியும் வரைக்கும் பிரேபென் காத்திருந்தார்.

"மிகவும் துக்கமான சம்பவம். மரணம் எங்கும் நடக்கலாம், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் கேற் இல்லாத இடத்தில் எப்படி நடக்கும்? ஜெலிக்குக் கிட்ட என்கிறார். முப்பத்தெட்டு தொடக்கம் நாற்பத்தொன்று வரை நாலு கேற் இருக்கவேண்டிய இடம். கேற்காரர்கள் எல்லோரும் எங்கே போனார்கள்? சைக்கிள்கள் எங்கே?"

தீர்ப்பு மூன்றாம் நாள் வந்தது. 'மேற்படி நபர் கெரிக் – ஜெலி நெடுஞ்சாலையில் ஒருபோதும் பயணம் செய்யவில்லை. தம்பியின் மரணம் பற்றிய பகுதி நம்பத்தக்கதல்ல.' மறுபரிசீலனைக்கு ஆறு கிழமை தவணை கொடுத்திருந்தார்கள்.

ஸ்ரனிஸ்லாஸால் சாப்பிட முடியவில்லை. கண்ணை மூடினால் நாலு ரப்பர் மரம் தெரிந்தது. கடைசியில் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதினான். ஜேர்மனியில் நின்றது, கோப்பை கழுவியது, பெரியையா, சங்கக் கடை நம்பர், ஒன்றையும் விடவில்லை. தாளைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பிரேபெனிடம் போனான். முதலில் வாயால் சொன்னான்.

"நான் அந்தச் சாலையில் போகவே இல்லை, பிரேபென். கேற்றெல்லாம் நான் சோடித்தது."

பிரேபென் அவனைக் கனிவோடு பார்த்தார். "போகவே இல்லையா?"

"இல்லை."

"அப்படியானால் அங்கே கேற் இல்லை என்று உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நீக்கிலாஸ் சொன்னான்."

"நீக்கிலாஸ் அந்தச் சாலையில் போகவில்லை என்று நாம் தீர்மானித்துவிட்டோமே."

ஸ்ரனிஸ்லாஸ் சட்டைப்பையில் இருந்த தாளைத் தொட்டான்.

"நண்பர் கஷ்டப்படுகிறார், நீங்கள் உதவ நினைக்கிறீர்கள். அழகான மனசு. ஆனால் விதி என்று ஒன்று இருக்கிறது. கைந்நூலில் திருத்தம் செய்வதென்றால், அந்தச் சாலையில் போனதாகக் கைந்நூல் ஏற்றுக்கொண்ட ஒருவர்தான் கேட்கலாம். நீங்களோ போகவே இல்லை என்கிறீர்கள். இப்போதைக்கு அறுபத்துமூன்று பேர் இருக்கிறார்கள். ஒருவரும் கேட்கவில்லை. அது போகட்டும், உங்களுக்கு ஒரு நல்ல செய்தி வைத்திருக்கிறேன்." இடப்பக்கத்து அடுக்கிலிருந்து பவளராணியின் கோவையை எடுத்து விரித்தார். "இன்று காலைதான் மேலே வந்தது. இன்றைக்கே முத்திரை குத்தலாம். வருடம் முடியமுன் பிள்ளையைத் தூக்கி வைத்திருப்பீர்கள். குத்தட்டுமா?"

அவர் வெருட்டவில்லை. அப்படியொரு எண்ணமே அவருக்குக் கிடையாது. ஒரு நல்ல மனிதர் நல்ல செய்தி சொல்கிற முகத்தோடுதான் முத்திரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வெருட்டியிருந்தால் ஒருவேளை ஸ்ரனிஸ்லாஸுக்கு ரோசம் வந்திருக்கும்.

"குத்துங்கள்" என்றான். தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. வீட்டுக்குப் போய் அதைக் கிழித்தபோது, தான் ஒரு பேடி என்று அவனுக்கு ஐயம் திரிபறத் தெரிந்தது.

நாடு கடத்தும் நாளை முகாமில் அறிவித்த பிறகு, நீக்கிலாஸ் கோல்டிங்குக்குப் போகத் தொடங்கினான். முன்வரிசையில் இருந்து படித்தானாம். எவ்வளவு நல்ல மாணவன் என்று சபாரத்தினம் மாஸ்ரர் சந்தியில் கண்ட இடத்தில் ஸ்ரனிஸ்லாஸிடம் சொன்னார்.

"தம்பி, உன்ரை சிநேகிதன் ஒருக்காச் சொன்னாப் பிடிச்சிடுறான். ஆனா ஒண்டு, கொப்பியிலை எழுத மாட்டானாம். கேட்டுப் பாடமாக்கிறான். என்ன பழக்கமோ!"

இரண்டாம் விசாரணை ஆனி கடைசியில் நடந்தது. நீக்கிலாஸ் முகம் வழித்து, கடன்வாங்கிய கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தான். பிளாஸ்டிக் சாலையின் ஓரமாக நடந்து, ஒவ்வொரு கேற்றையும் விரலால் தொட்டுத் தொட்டு ஒப்புவித்தான். பச்சைக் கொடியைச் சொன்னான், தேத்தண்ணிக் கடையை இடப்பக்கத்தில் சொன்னான், இருபத்தாறாம் கேற்காரரின் பெயரைச் சொன்னான். நாற்பத்தொன்றும் சரி. பிரேபெனுக்கு ஆனந்தம் தாங்கவில்லை.

"ஒரே ஒரு விஷயம். முந்திய வாக்குமூலத்தில் ஒரு தம்பி வருகிறாரே?"

ஸ்ரனிஸ்லாஸ் அதைத் தமிழில் கேட்டான். நீக்கிலாஸ் அவனைத்தான் பார்த்தான், பிரேபெனைப் பார்க்கவில்லை. மாஸ்ரர் இந்தக் கேள்விக்கும் மாதிரி விடை கொடுத்திருந்தார்.

"அது குழப்பத்திலை சொன்னது. எனக்குத் தம்பி இல்லை. நான் தனியத்தான் வந்தனான்."

நாடா ஓடியது. மொழிபெயர்க்க வேண்டியவன் மொழிபெயர்த்தான்.

"அவருக்குத் தம்பி இல்லையாம்."

"நன்றி" என்றார் பிரேபென். "உண்மையைச் சொல்வது கஷ்டம் என்பது எனக்குத் தெரியும்."

வெளியே நல்ல வெயில். கரையோரம் ஆட்கள் ஐஸ்கிரீம் வைத்துக்கொண்டு நடந்தார்கள். நீக்கிலாஸ் முத்திரை குத்திய கடதாசியை நாலாக மடித்தான்.

"மாஸ்ரர் புத்தகத்தின்ரை முதல் பக்கத்தைக் காட்டினவர், ஸ்ரனி. பெருமையாத்தான் காட்டினவர்."

ஸ்ரனிஸ்லாஸ் அவனுக்கு முன்னால் போய் நின்றான். "என்னை அடி மச்சான். இதிலை வைச்சு அடி."

"அடிச்சு என்னத்தைக் காணுறது?" அவன் குரலில் கோபம்கூட இல்லை. "ஒண்டு செய். உன்ரை றோட்டிலை எங்கையெண்டாலும் ஓரிடம் பாத்து அவனை வை. மற்ற றோட்டு இல்லையெண்டு நானே சொல்லிப்போட்டு வந்திட்டன்."

அன்று பின்னேர ரயிலில் நீக்கிலாஸ் கொப்பன்ஹேகன் பக்கத்து டோஸ்ட்ருப்புக்குப் போனான். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததாகப் பிறகு யாரோ சொன்னார்கள். ஸ்ரனிஸ்லாஸ் எழுதிய மூன்று கடிதத்துக்கும் பதில் வரவில்லை.

ஆவணியில் பிரேபென் இரண்டாம் பதிப்புக்கு ஆயத்தம் செய்தார். சேர்க்க ஏதாவது உண்டா என்று கேட்டார். ஸ்ரனிஸ்லாஸ் உண்டு என்றான்.

"ஒரு கல்லறை. கடைசிக் கேற்றையும் தாண்டி, ஜெலிக்குக் கிட்ட. நாலு ரப்பர் மரத்துக்கு நடுவில். இரண்டு தடியால் கட்டின சிலுவை. யோசேப் என்று பெயர்."

"அருமை, அருமை! இதை ஏன் முதலில் சொல்லவில்லை?" பிரேபென் எழுதிக்கொண்டே கேட்டார். "அடக்கம் செய்யப்பட்டவர் யார்? ரயில்வே ஊழியரா?"

"ஒருவருடைய தம்பி."

"அது தேவையில்லை. எந்தப் பக்கம் என்பதுதான் முக்கியம்."

எந்தப் பக்கம் என்று நீக்கிலாஸ் சொல்லவே இல்லை. ஸ்ரனிஸ்லாஸும் கேட்கவில்லை. இனிக் கேட்கவும் வழியில்லை. "இடப்பக்கம்" என்றான்.

பிரேபென் நாலு பச்சைக் கட்டையை நட்டு, நடுவில் ஒரு வெள்ளைக் கட்டையை வைத்தார். இனி விசாரணையில் கல்லறையைச் சொல்கிறவருக்கு இரண்டு புள்ளி என்று முடிவாயிற்று.

மார்கழியில், பவளராணி வந்து இரண்டு கிழமையான பிறகு, ஒரு இளைஞன் விசாரணைக்கு வந்தான். கராச்சியால் வந்தவன் என்பது அவன் போட்டிருந்த சப்பாத்திலேயே தெரிந்தது. நாற்பத்தொரு கேற்றையும் மூச்சு விடாமல் ஒப்புவித்தான். கடைசியில் வெள்ளைக் கட்டைக்கு முன்னால் நின்று, மாஸ்ரர் படிப்பித்த மாதிரியே கையைக் கட்டினான்.

"இதிலை பஸ்ஸை நிப்பாட்டச் சொல்லி இறங்கினனான். யோசேப் எண்டவரின்ரை கல்லறை. மெழுகுதிரி கொளுத்திச் செபம் சொன்னனான்."

ஸ்ரனிஸ்லாஸ் மொழிபெயர்த்தான். பிரேபென் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பாருங்கள், இதெல்லாம் அங்கே போனவருக்குத்தான் வரும்" என்று இரண்டு புள்ளி போட்டார்.

ஸ்ரனிஸ்லாஸ், கேட்கக் கூடாத கேள்வியை, தமிழில் கேட்டான். "என்ன செபம் சொன்னனீர் தம்பி?"

இளைஞன் மிரண்டுபோனான். "அண்ணை, அது நோட்ஸிலை இல்லையே."

"என்ன சொல்கிறார்?" என்றார் பிரேபென்.

"பரலோக மந்திரம் சொன்னாராம்" என்றான் ஸ்ரனிஸ்லாஸ். அந்தப் பிள்ளை சொல்லவில்லை. இதற்கு முன் வந்தவர்களும் சொல்லவில்லை. யாராவது ஒருவர் சொல்லத்தானே வேண்டும் என்று, அந்த வெள்ளைக் கட்டையைப் பார்த்தபடி மனதுக்குள் தானே தொடங்கினான். பாவப் பொறுத்தல் கேட்கிற இடம் வந்ததும் அதற்கு மேலே போக முடியவில்லை. மறுபடி முதலிலிருந்து தொடங்கினான்.

"அடுத்த கேள்வி" என்றார் பிரேபென். "மொழிபெயருங்கள்."